பழைய கணினியும் புதிய கிராபிக்ஸ் கார்டும்



2024 வரை போர்ட் பிளேர் என்றும், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் அந்தமான் தலைநகரை அடுத்துள்ளது சிப்பிகாட். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் நெல்வயல்களுள் புகுந்த கடல்நீர் பல இடங்களில் திரும்பவேயில்லை. அவ்வுவர்நீரின் ஓரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் இன்று எழும் ஒரு கேள்வியைப் பற்றியே பேச விரும்புகிறேன். பத்தாண்டு பழகிய மேசைக் கணினியில் பிள்ளைகள் புதிய விளையாட்டுகளை ஆட வேண்டுமாயின், கணினியையே மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மட்டும் பொருத்துவதா?

2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பிவடம் தீவுகளை எட்டியது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில், ஐம்பது, நூறு ஜிகாபைட் அளவுள்ள விளையாட்டை இறக்கிக்கொள்வது எளிதில் கைகூடாத காரியம். இன்று அத்தடை பெரும்பாலும் நீங்கியது. விளையாட்டு வந்து சேர்ந்துவிடுகிறது. பழைய கணினிதான் அதைத் தாங்க மாட்டாமல் தத்தளிக்கிறது.

காரணம் எளிது. சாதாரண முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு அறுபது படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஏறத்தாழ பன்னிரண்டரைக் கோடிப் புள்ளிகளின் நிறத்தை ஒரே வினாடியில் கணக்கிட்டாக வேண்டும். பிராசசருக்குள்ளேயே அடங்கியுள்ள சிறிய வரைகலைப் பகுதிக்கு இது மிகப் பெரிய சுமை. அச்சுமையை ஏற்கவே தனிக் கார்டு.

ஆயின், கார்டின் விலையைக் கேட்பதற்கு முன் கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியைப் பாருங்கள் என்பேன். அதன் பக்கத்தில் ஒட்டிய தாளில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். மலிவான பெட்டிகளில் அந்த எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதர்போர்டிலுள்ள நீண்ட பொருத்துவாய் ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் மின்சாரம் அளிக்கும். அதற்கு மேல் வேண்டுவோர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அக்கம்பியே இராது.

ஆதலின், அந்த 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே பழைய கணினிக்கு ஏற்றது என்பது என் கருத்து. 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650இல் தனிக் கம்பி வேண்டாத வகை உண்டு. 2024இல் வந்த, ஆறு ஜிகாபைட் நினைவகமுள்ள ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 70 வாட்டில் இயங்கும். அதே பெயரில் எட்டு ஜிகாபைட் கார்டும் விற்கப்படுகிறது. அதற்கு 130 வாட் வேண்டும். பெயரை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பியவர் திகைத்து நிற்பார்.

பெங்களூரிலோ டில்லியிலோ வாழும் நேயர்கள் எஸ்.பி. ரோடுக்கோ நேரு பிளேசுக்கோ சென்று, பொருந்தாத கார்டை மாற்றித் தருமாறு வாதாடிப் பார்க்கலாம். தீவில் வாழ்வோருக்கு அந்தச் சௌகரியம் ஏது? சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பொருள் திரும்பிப் போவதென்றால் மீண்டும் கடல் தாண்ட வேண்டும். எனவே கேபினட்டுக்குள் எத்தனை அங்குலம் இடமுண்டு என்று அளந்த பின்னரே வாங்குக. அலுவலகங்களில் கழித்து விற்கும் ஒல்லியான கணினியாயின், அரை உயரக் கார்டுதான் உள்ளே நுழையும். பழைய மானிட்டரில் நீலநிற வி.ஜி.ஏ. முனை மட்டும் இருந்தால், புதிய கார்டில் அதற்கு இடமில்லை. அதற்கான மாற்றி ஒன்றும் உடன் வரவேண்டும். 2012க்கு முந்திய மதர்போர்டுகள் சில புதிய கார்டைக் கண்டதும் திரையில் ஒன்றும் காட்டாமல் நின்றுவிடும். அத்தகைய கணினிக்குச் செலவு செய்யாதிருப்பதே நலம்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்பர். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கணினிகளால் தோண்டியெடுக்கும் முறை நின்றபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லதும் உண்டு. விசிறி தேய்ந்ததும் உண்டு. நேரில் ஓட்டிப் பாராமல் கடலுக்கு அப்பாலிருந்து அவற்றை வாங்குதல் தகாது.

உப்புக்காற்றும் ஈரமும் மற்றொரு பகை. தூசியோடு ஈரம் சேர்ந்து விசிறிகளில் அப்பிக்கொள்ளும். உலோக முனைகள் களிம்பேறும். மென்தூரிகையால் தூசியை நீக்கி, ராம் பலகைகளைக் கழற்றி, அவற்றின் முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்தினால், சில கணினிகள் கார்டு வாங்கும் முன்பே சற்றுத் தெளிவடைவதைக் காணலாம். மின்சாரம் அடிக்கடி நின்று வரும் இடங்களில் யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

பொருத்துவது கடினமன்று. மின்னிணைப்பை நீக்கி, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பின், கார்டை 'கிளிக்' என்னும் ஓசை வரும்வரை அழுத்தித் திருகை முடுக்குங்கள். மானிட்டர் கம்பியைப் பழைய வாயில் விட்டுவிடாமல், கார்டின் வாயிலேயே செருகுங்கள். ரசீதையும் அட்டைப்பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். கார்டு பழுதுற்றால் அந்தப் பெட்டியில்தான் அது சென்னைக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.