கடலுக்கும் காய்ச்சல் வரும்



அரபிக்கடலில் இருக்கிறது இலட்சத்தீவு. மொத்தம் 36 தீவுகள். 10 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். இந்தத் தீவுகளைக் கட்டியது யார் தெரியுமா? ஒரு சின்னஞ்சிறு உயிர். அதன் பெயர் பவளப்பூச்சி. அது சுண்ணாம்பால் கூடு கட்டுகிறது. கூட்டின்மேல் கூடு சேர்ந்து பவளப்பாறை ஆகிறது. பெயர்தான் பாறை. அதற்கு உயிர் உண்டு.

மினிக்காய் தீவு மீனவர்கள் சூரை மீனைத் தூண்டில் கழியால் பிடிக்கிறார்கள். முதலில் உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசுகிறார்கள். சூரைக் கூட்டம் ஓடி வருகிறது. அந்தச் சிறுமீன்கள் எங்கே கிடைக்கின்றன? பவளப்பாறை சூழ்ந்த ஆழமில்லாத நீரில்தான். பவளம் செத்தால் சிறுமீன் குறையும். பிறகு சூரைக்கு எங்கே போவது? அலையின் வேகத்தைத் தடுத்து வீட்டைக் காப்பதும் அதே பாறைதான்.

பவளத்துக்கு அதிக வெப்பம் ஆகாது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. உணவும் நிறமும் தருவது அந்தப் பாசி. நீர் சுட்டால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். உடனே சாகாது. பட்டினி கிடக்கும். சூடு தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் சாகும். இலட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளில் 1998 முதல் 2022 வரை விஞ்ஞானிகள் மூழ்கி மூழ்கி அளந்தார்கள். உயிருள்ள பவளம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது!

இந்த ஆபத்தை முன்பே அறிய முடியுமா? முடியும். செயற்கைக்கோள்கள் கடல்நீரின் சூட்டை அளக்கின்றன. அமெரிக்க அரசின் நோவா நிறுவனம் அதைத் தினமும் படமாக இணையத்தில் போடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற நம் அரசு மையமும் பவள எச்சரிக்கை தருகிறது. யாரும் பார்க்கலாம். காசு கிடையாது.

கணக்கு எளிது. ஓரிடத்தில் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் 31 டிகிரி இருந்தால் 1 புள்ளி. மறுவாரம் 32 டிகிரி என்றால் இன்னும் 2 புள்ளி. ஆக மொத்தம் 3. இப்படி 12 வாரங்களைக் கூட்டுகிறார்கள். 4 புள்ளி வந்தால் பவளம் வெளுக்கும். 8 வந்தால் சாகவும் தொடங்கும். படத்தில் மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து. எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது பெரிய குறைதான். ஆனால் நிறத்துக்கு மொழி எதற்கு?

தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். கடலைக் குளிர வைக்க யாராலும் முடியாதுதான். ஆனால் அந்த வாரங்களில் பவளத்தின்மேல் நங்கூரம் போடாமல் இருக்கலாம். மண் தோண்டுவதை நிறுத்தலாம். தாய்லாந்து அரசு 2016ல், வெளுத்த பாறைகள் பலவற்றுக்குச் சுற்றுலாப் பயணிகள் போகவே தடை போட்டது.

ஒன்று மட்டும் உண்டு. அந்தச் செயற்கைக்கோள் அளப்பது மேல்நீரின் சூட்டைத்தான். பவளம் வெளுத்ததா, பிழைத்ததா என்பதை அது சொல்லாது. அதற்கு ஒருவர் நீரில் மூழ்கிப் பார்த்தே ஆக வேண்டும். தினமும் சிறுமீன் பிடிக்கப் போகும் மீனவர்தான் அதை முதலில் பார்க்கிறார்.