அள்ளி முடிவதும் அவள் இஷ்டம்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, பத்து நிமிஷம் பேசணும், என்ன தலைப்பு போடட்டும்?" என்று கேட்டார். "தலைமுடி" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க பேங்க்ல இருந்தவங்க... பெண்களும் சேமிப்பும்னு போட்டுக்கலாமா?" என்று மெல்ல இழுத்தார். 38 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவள் நான். சேமிப்பைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேசுவேன். ஆனால் என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாக எடுத்த முதல் முடிவு ஒரு பார்லர் நாற்காலியில் எடுத்தது. யாரையும் கேட்காமல் நான் எடுத்த மிகத் தப்பான முடிவும் முடியைப் பற்றியதுதான். இரண்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் தலைப்பை மாற்றவில்லை.

நான் இங்கே விலங்கியல் படித்தது 1976 முதல் 1979 வரை. எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் சடைதான். எனக்கு முழங்காலைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு விடுதியில் ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர். இரண்டு வாளியில் சீயக்காய் போக அலசுவது பகீரதப் பிரயத்தனம். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாளே, அவள்தான் தன் பங்கிலிருந்து அரை வாளி தருவாள். பதிலுக்கு அவள் ரெக்கார்டு நோட்டில் தவளை படம் நான் போட்டுத் தரவேண்டும். குளித்துவிட்டு மொட்டை மாடியில் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி சிக்கு எடுத்துவிடுவோம். முகம் பார்க்காமல் பேசுகிற பேச்சில்தான் மனசில் இருப்பதெல்லாம் வெளியே வரும். எத்தனையோ அழுகைகளை அந்த மாடி கேட்டிருக்கிறது. நீள முடியைப் பற்றி நான் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எதற்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன்.

1984-ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமியார் பூ வைத்துவிடுகிற சாக்கில் பின்னலை லேசாக இழுத்துப் பார்த்தார். சவுரியா, சொந்த முடியா என்று சோதனை! அடகுக்கு வந்த நகையை உரசிப் பார்க்கிற மாதிரிதான். சொந்தம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. நான் வங்கிப் பரீட்சை எழுதித் தேறியது அவருக்கு இரண்டாம் பட்சம்.

கல்யாணத்திற்குப் பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, குளித்து, ஈரத்தலையை அப்படியே கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஓட வேண்டும். சாயங்காலம் அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம். வங்கிக்காரி புத்தி, ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 40 நிமிஷம் தலைமுடிக்கு. வருஷத்துக்கு 243 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக முழுசாகப் பத்து நாள்! என் வருடாந்திர லீவையெல்லாம் சேர்த்தாலும் எனக்கென்று அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை.

ஆனாலும் வெட்டத் தைரியம் வரவில்லை. எனக்கு 1986-ல் ஒரு பெண் பிறந்தாள். 1992-ல் அவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் இரண்டு தலை பின்ன முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் பாய் கட் பண்ணிவிட்டேன். குழந்தை வழியெல்லாம் அழுதது. "ரிப்பன் கட்ட முடியாதேம்மா" என்றது. "வளரும், சும்மா இரு" என்றேன். என் தலைக்கு வராத தைரியம் அவள் தலைக்கு வந்துவிட்டது பாருங்கள். சின்னத் தலை, எதிர்த்துப் பேசாது. அவ்வளவுதான் காரணம்.

1996 ஜூன் மாதம், எனக்கு 37 வயது. வங்கியிலிருந்து திரும்பும்போது ஒரு பார்லருக்குள் நுழைந்துவிட்டேன். அந்தப் பெண் மூன்று தடவை கேட்டது: "வீட்ல கேட்டுட்டீங்களா மேடம்?" நான் மூன்று தடவையும் "ம்" என்றேன். தோள்வரை வெட்டினாள். எழுந்து நின்றபோது கழுத்து தானாக முன்னால் சாய்ந்தது. இத்தனை வருஷம் பின்னால் இழுத்த கனத்துக்கு எதிராகவே தலையைப் பிடித்துப் பழகியிருக்கிறேன் போலிருக்கிறது.

வீட்டுக்காரர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். உடனே, "அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றார்! மறுநாள் வங்கியில் ஒருவர், "திருப்பதியா, பழனியா மேடம்?" என்றார். இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தார். இரண்டு பேரும் நல்லவர்கள், அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு பெண் முடியை இழந்தால் ஒன்று வேண்டுதல், இல்லையென்றால் வியாதி. அவளுக்கே பிடித்து வெட்டிக்கொண்டாள் என்கிற மூன்றாவது காரணம் யார் மனசிலும் வரவில்லை.

என் அம்மா மட்டும் எதுவுமே கேட்கவில்லை. பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பழைய பஞ்சாங்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

தங்கைகளே, கூந்தலைப் பற்றி நம் ஊரில் பேசாத ஆள் இல்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நக்கீரர் சிவபெருமானோடு வாதாடிய திருவிளையாடலை நாம் எல்லோரும் சினிமாவிலும் பார்த்திருக்கிறோம். நெற்றிக்கண்ணே திறந்தது. ஆனால் அத்தனை பெரிய வாதத்திலும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்றே?" என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. பெண்கள் கிராப் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னார். எண்ணெயும் சீப்புமாகப் போகும் நேரம் மிச்சம் என்பதை என் 243 மணி நேரக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. சினிமாவோ நீளப் பின்னல் என்றால் குணவதி, பாப் கட் என்றால் திமிர் பிடித்தவள், கடைசி ரீலில் திருந்துவாள் என்று வெகுகாலம் சொல்லிக்கொடுத்தது.

1966-ம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் குட்டை முடியோடு இந்திரா காந்தி பிரதமரானார். அதே வருஷம் அக்டோபரில், கொண்டையும் பூவுமாக எம்.எஸ். சுப்புலட்சுமி நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். யாருடைய திறமை அவர் முடியின் நீளத்தில் இருந்தது?

விலங்கியல் படித்தவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை. நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிரும். தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். எவ்வளவு காலம் வளரும் என்பது பெரும்பாலும் பரம்பரை. வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பது தவறு, ஏனென்றால் கத்தரிக்கோல் வேரைத் தொடுவதில்லை. பிள்ளை முகம் பார்க்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிகள் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடிதான் பிரசவமாகி மூன்று மாத வாக்கில் சேர்ந்து கொட்டுகிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பயந்து காசைச் செலவழிக்காதீர்கள். அளவுக்கு மீறிக் கொட்டினால் ரத்தச் சோகையா, தைராய்டா என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

2013-ல் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 76. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் படுக்கை. அம்மாவுக்கு அப்போதும் இடுப்புவரை முடி, முழுக்க வெள்ளை. படுத்தே இருந்ததால் பின்னந்தலை சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. பார்த்துக்கொள்ள வந்த பெண், "வெட்டிடலாம்மா, எனக்கும் லேசு, பாட்டிக்கும் லேசு" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அம்மா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். "சரி" என்றேன். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். பிடரியோடு ஒட்ட வெட்டியாயிற்று.

சாயங்காலம் அம்மா விழித்தாள். கை தானாகப் பின்னலைத் தேடியது. தலையணையில் துழாவினாள். அப்புறம் கழுத்தைத் தடவினாள். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி" என்றாள். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துத்தான் சொன்னாள். அவளுடைய பெரிய அத்தை பதிமூன்று வயதில் விதவையானவள். பிராமண வீடுகளில் அந்தக் காலத்து வழக்கம், தலையை மழித்து நார்மடிப் புடவை உடுத்திவிட்டார்கள். மாதம் ஒருமுறை கொல்லைப்புறமாக நாவிதர் வருவாராம். அன்றைக்கு முழுக்க அத்தை யாரோடும் பேசமாட்டாளாம். சிறுமியாக இருந்த அம்மா கிணற்றடியில் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறாள். சகோதரி சுப்புலட்சுமி போன்றவர்கள் 1912-லேயே சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கிப் படிக்க வைத்தார்கள் என்று நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த வெளிச்சம் எங்கள் வீட்டுக் கொல்லைவரை வந்து சேரவில்லை. 1990-ல் என் அப்பா காலமானபோது அம்மாவை யாரும் எதுவும் சொல்லவில்லை, காலம் மாறியிருந்தது. ஆனால் மறுநாள் காலையில் தலைவாரிப் பின்னிக்கொண்டபோது, 'இது அத்தைக்கும் சேர்த்து' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாளாம். இருபத்து மூன்று வருஷம் அப்படித்தான் பின்னியிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

"அத்தையையும் கேக்காமதான் பண்ணினா. நீயுமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

என் பாப் கட் என் சுதந்திரம் என்று பெருமையாக இருந்தேன். அம்மாவின் பின்னல் அவளுடைய சுதந்திரம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? முற்போக்கு எண்ணம் இருந்தால் போதும், பிறர் தலையில் கைவைக்கும் உரிமை வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சிக்கைத் தேங்காயெண்ணெய் தடவி, நாளைக்குக் கொஞ்சமாக எடுத்திருக்கலாம். முடியாமல் போயிருந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் சாயங்காலம்வரை காத்திருந்து, அவளைக் கேட்டுவிட்டு.

அதற்கப்புறம் அம்மா 14 மாதம் இருந்தாள். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்று சொன்னேனே, அந்தக் கணக்கை நான் அப்போது தினமும் பார்த்தேன். ஒரு வருஷம் ஆனதும் ஒருநாள், "பின்ன வரதா பாரு" என்றாள். மூன்று பின்னல் வந்தது. எலிவால் மாதிரி. ரப்பர் பேண்டு போட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். சிரித்தாள். என்னை மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தினமும் காலையில், "பின்னட்டுமா அம்மா?" என்று மட்டும் கேட்பேன். வேண்டாம் என்று சொன்ன நாட்களில் விட்டுவிடுவேன்.

கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிவாள் என்று பழமொழி சொல்வார்கள். அள்ளி முடியட்டும், அவிழ்த்து விடட்டும், வெட்டிக்கொள்ளட்டும். உங்களில் சிலர் புற்றுநோயாளிகளுக்கு விக் செய்வதற்காக முடி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், மனதாரப் பாராட்டுகிறேன். கொடுக்காதவளை யாரும் ஏளனம் செய்யவேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் பர்னருக்குப் பக்கத்திலும், ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்திலும் முடியை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் இஷ்டம் கிடையாது. மற்ற இடத்தில் மாமியார் சொன்னார், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும், தோழிகள் எல்லோரும் வெட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் காரணம் ஆகாது. கண்ணாடி முன்னால் நின்று உங்களை நீங்களே கேளுங்கள். நாளைக்கு உங்கள் கையில் ஒரு குழந்தையின் தலையோ, ஒரு கிழவியின் தலையோ வரும்போது, அவளையும் கேளுங்கள்.

பாய் கட்டுக்கு அழுத என் மகளுக்கு இப்போது இடுப்புவரை முடி. "ஆபீசுக்கும் போய்க்கொண்டு இது எதுக்குடி?" என்று பல வருஷம் நச்சரித்தவள் நான், அம்மாவுக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். பேத்திக்கு ஏழு வயது. லீவுக்கு வந்தால் தலைவாரிவிடுவது என் வேலை. சீப்பைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்டுவிடுவேன்: "இன்னைக்கு என்னடா கண்ணு, ஒத்தச் சடையா, ரெட்டைச் சடையா?" மகாராணி யோசித்துத்தான் பதில் சொல்வாள். பஸ்ஸுக்கு நேரமானாலும் காத்திருப்பேன்.