சோப்புத் தொழிலில் ஆறு வாரங்கள்

(கொழிஞ்சாம்பாறையில் மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் வடிவம்)



தென்னை வளரும் ஊரில் சோப்பைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி மழை குறைந்தது. ஆயினும் பாசன நீரைக் கொண்டு இங்குத் தென்னையை வளர்த்துள்ளனர். தேங்காய் காயாகவே வெளியூர் செல்கிறது. சோப்பு உறையிட்டு வெளியூரிலிருந்து வருகிறது. இடையில் கூடும் மதிப்பு நமக்குச் சேர்வதில்லை. அதில் ஒரு பங்கையேனும் இங்கே நிறுத்த முடியுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1914இல், சென்னை மாகாண அரசின் மீன்வளத் துறையைத் தோற்றுவித்த சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால், மலபார்க் கரையில் மீன் எண்ணெய்க்குப் பயன் காணும் நோக்குடன் சோப்புத் தயாரிப்பு தொடங்கியது. கோழிக்கோட்டின் கேரள சோப் நிறுவனம் அவ்வாறு பிறந்ததே. முதல் உலகப் போரினால் சந்தனக் கட்டையின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெய் வடித்து, பின்னர் சோப்பும் செய்யத் தொடங்கியது. இவ்விரண்டிலும் உள்ளூர் மூலப்பொருளோடு ஆய்வுக்கூடத்தின் அளவும் கணக்கும் சேர்ந்திருந்தன. சிறு தொழிலுக்கும் இதுவே பாடம்.

அளவும் பாதுகாப்பும்

கையால் சோப்புச் செய்வது எளிய வேதியியல். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. ஆலைகள் பெரும்பாலும் கிளிசரினைப் பிரித்தெடுத்து விடுகின்றன; கைத்தயாரிப்பில் அது கட்டியிலேயே தங்குகிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு இதமாக இருக்கும் பொருட்டு, 5 விழுக்காடு எண்ணெய் மீதமாகும்படி 174 கிராமாகக் குறைப்பது வழக்கம். பாமாயிலுக்கோ ஒரு கிலோவுக்குச் சுமார் 142 கிராமே போதும். தேங்காய் எண்ணெய் விலை ஏறியதும் பாமாயிலைக் கலப்பவர், பழைய அளவிலேயே சோடாவைச் சேர்த்தால், வினைபுரியாத காரம் தங்கித் தோலைப் புண்ணாக்கும். எண்ணெய் மாறினால் கணக்கும் மாற வேண்டும். சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். நீரைச் சோடாவின் மேல் ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் உதவாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

காத்திருப்பின் விலை

வார்த்த சோப்பு ஓரிரு நாளில் கட்டியாகிவிடும். ஆனால் அதிலுள்ள நீர் வற்றி, கட்டி இறுகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொழில் வளரும்போது பலர் இடறுவது இங்கேதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டின் நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அந்த 400 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோ எண்ணெயில், நீர் வற்றியபின், 100 கிராம் எடையுள்ள கட்டிகள் ஏறத்தாழ 130 கிடைக்கும் எனக் கொண்டால், ஒரு கட்டியில் எண்ணெய்ச் செலவு மட்டும் ஏறக்குறைய 31 ரூபாய். வாரம் 10 கிலோ வார்ப்பவரின் அலமாரியில் எப்போதும் ஆறு வாரச் சரக்கு இருக்கும். அதாவது, 60 கிலோ எண்ணெய், 24,000 ரூபாய், விற்க முடியாமல் உறங்குகிறது. கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்டால் மேலும் 16,000 ரூபாய் முடங்கும். உற்பத்தியை இரட்டித்தால் இத்தொகையும் இரட்டிக்கும்.

பணம் இல்லாதவர் என்ன செய்கிறார்? மூன்றாம் வாரமே உறையிட்டு அனுப்புகிறார். முதிராத கட்டி குளியலறையில் விரைவில் கரைகிறது. உறைக்குள்ளேயே எடை குறைகிறது. வாங்கியவர் மறுமுறை வாங்குவதில்லை. திறமைக் குறைவால் அன்று, நடைமுறை மூலதனக் குறைவால் தொழில் நலிகிறது.

ஆகவே அலுவலர்களுக்கு என் வேண்டுகோள்: திட்ட அறிக்கையில் அச்சு, கலவை இயந்திரம் ஆகியவற்றோடு இந்த ஆறு வாரங்களையும் எழுதுங்கள். 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், ஊர்ப்புறத்துப் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 35 விழுக்காடு மானியம் உண்டு. நடைமுறை மூலதனத்தையும் திட்டச் செலவில் சேர்க்கலாம்.

உரிமமும் மொழியும்

விற்பனைக்காகச் செய்யும் குளியல் சோப்பும் முகப்பூச்சும் சட்டப்படி ஒப்பனைப் பொருள்கள். 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். உறையில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானங்கள் முதலியன இருக்க வேண்டும். தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒருவர் தேவை. மருந்தியல் பட்டயம் பெற்றவர் மட்டுமன்றி, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு இடைநிலைத் தேர்வில் தேறியவரும் அப்பொறுப்பை ஏற்கலாம். மாணவ நண்பர்களே, இந்த இடம் உங்களுக்கு உரியது.

சொறி, படை நீக்கும் என்று உறையில் எழுதலாகாது. நோய் தீர்ப்பதாகச் சொன்னால் அது மருந்தாகிவிடும். அதன் சட்டம் வேறு. முகப்பூச்சில் இறங்குவோர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நீர் கலந்த பூச்சில் நுண்ணுயிர் வளரும். பாதுகாப்புப் பொருளும் சோதனையும் இல்லாமல் அதை விற்கக் கூடாது. முதலில் சோப்பு, அடுத்து நீரற்ற எண்ணெய்ப் பூச்சு, அதன் பின்னரே முகப்பூச்சு என்பது அறிவுடைய வரிசை.

இவ்விதிகளைத் தமிழில் விளக்குவதும் வளர்ச்சிப் பணியே. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத உரிமை அளித்தது. படிவம் புரியாததால் ஒருவர் உரிமமின்றித் தொழில் செய்ய நேர்ந்தால், குறை அவருடையது மட்டும் அன்று.

பெரிய ஆலையோடு விலையில் நாம் போட்டியிட இயலாது. கடின நீரிலும் நுரைக்கும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள ஊர்களுக்கு ஏற்றது. சரியான அளவு, முழுமையான முதிர்ச்சி, உண்மையான உறை ஆகிய மூன்றையும் காத்தால், அதை வாங்க ஆள் உண்டு. வார்க்கும் கைகள் இங்கே இருக்கின்றன. காத்திருப்பதற்கான வசதியை அவற்றுக்கு அளிப்பது நம் கடமை.