கசான் மருத்துவமனையில் ஒரு கவிஞர்



1968 ஆகஸ்ட் 25, நண்பகல். சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. அதைக் கண்டித்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் அமர்ந்து பதாகைகளை விரித்தனர். அவர்களுள் ஒருவர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா என்னும் கவிஞர். அருகே தள்ளுவண்டியில் அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தை. சில நிமிடங்களில் அனைவரும் இழுத்துச் செல்லப்பட்டனர்.

கைக்குழந்தையின் தாய் என்று அப்போது விடுவிக்கப்பட்டவர், 1969 டிசம்பரில் கைதானார். அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. செர்ப்ஸ்கி நிறுவன மருத்துவர்களின் முடிவை ஏற்று, கசான் நகரின் சிறப்பு மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினர். நோயின் பெயர் 'மந்தகதி மனச்சிதைவு'. வெளியே தெரியாமல் மெல்ல வளரும் நோயாம் அது! நாட்டைத் திருத்த விழைவதே அதன் அறிகுறிகளுள் ஒன்று. உலகில் எந்தக் கவிஞன் அந்த அளவுகோலுக்குத் தப்புவான்?

சிறைவாசத்துக்குக் கணக்கு உண்டு, இதற்கு இல்லை. மருத்துவர் 'குணமாயிற்று' என்று சொல்லும் நாளே விடுதலை நாள். ஹாலோபெரிடால் என்னும் மருந்து உடலை விறைக்கச் செய்யும். அதே சமயம் ஓரிடத்தில் இருக்கவும் விடாது. எழுதுகிற ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனையை எந்தச் சட்டநூலும் வகுத்ததில்லை. 1972 பிப்ரவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

இதற்கிடையே விளாதிமிர் புகோவ்ஸ்கி, இத்தகைய நோயறிக்கைகளைத் திரட்டி 1971இல் மேலைநாட்டு மருத்துவர்களுக்கு அனுப்பினார். அவ்வாண்டு மெக்சிகோவில் கூடிய உலக மனநல மருத்துவச் சங்கம் வாய் திறக்கவில்லை. புகோவ்ஸ்கிக்கோ சிறையும் நாடுகடத்தலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள். ஜெனரல் கிரிகோரெங்கோ மனநோயாளி அல்லர் என்று எழுதிய கீவ் நகர இளம் மருத்துவர் செமியோன் குளூஸ்மனுக்குப் பத்து. முகாமில் சந்தித்த இருவரும், மாற்றுக் கருத்தினருக்கு ஒரு மனநோயியல் கையேடு எழுதினர். மருத்துவரிடம் தத்துவத்திலோ நவீன ஓவியத்திலோ ஈடுபாடு உண்டென்று ஒப்புக்கொள்ளலாகாது என்பது அதன் அறிவுரைகளுள் ஒன்று. சிரிப்பதா, அழுவதா?

1977இல் ஹொனலூலுவில் அதே சங்கம் சோவியத் முறைகேட்டைக் கண்டித்தது. வெளியேற்றம் உறுதி என்று தெரிந்த சோவியத் மருத்துவர்கள் 1983இல் தாமே விலகினர்.

கொர்பனேவ்ஸ்கயா 1975இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தம்மைப் பரிசோதிக்குமாறு தாமே பிரெஞ்சு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். நோயேதும் இல்லையென்று அவர்கள் எழுதித் தந்தனர். 2013 ஆகஸ்ட் 25 அன்று, எழுபத்தேழு வயதில், மீண்டும் செஞ்சதுக்கத்துக்கு வந்து பதாகையுடன் நின்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசில் காலமானார்.