சம்பளமில்லாத உத்தியோகம்

(சாந்த்ராகாச்சியில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஓய்வு பெற்ற ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கார் ஓட்டியவர்களின் புகழ் பாட நான் வரவில்லை. அந்தப் பந்தயங்களைக் காலணா ஊதியம் இல்லாமல் நடத்திக் கொடுத்தவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல நினைக்கிறேன். அதில் நம் சங்கத்துக்கும் ஒரு சேதி இருக்கிறது.

நம் வாசலில் ஓடும் கோனா எக்ஸ்பிரஸ்வே வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 16-ஐப் பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், சென்னையை எட்டுவதற்குச் சற்று முன்பு சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்திற்று. பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த நாளில் நண்பர்களோடு பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் கண்ணெல்லாம் கார்களின் மேல்தான். வளைவுக்கு வளைவு கொடியோடு நின்றவர்களை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவர்கள் யார், விடியற்காலையில் எத்தனை மணிக்கு வந்தார்கள், மதியம் சாப்பிட்டார்களா என்ற கேள்விகள் எனக்குத் தோன்றியதெல்லாம் மிகவும் பின்னால்தான்.

ஒரு நாள் பந்தயத்துக்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஓடுதளம் கிளப்பின் சொத்தல்ல. அனுமதி வாங்க வேண்டும். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, டாக்டர் எல்லாம் வேண்டும். கூட்டம் பாதைக்குள் வராமல் தடுக்க வேண்டும். ஒவ்வொரு காரின் பிரேக், பெல்ட், ஓட்டுபவரின் ஹெல்மெட் ஆகியவற்றைப் பரிசோதிக்க ஒரு குழு, நேரம் குறிக்க ஒரு குழு, கொடி காட்ட ஒரு குழு. மஞ்சள் கொடி என்றால் முன்னால் அபாயம், முந்தாதே என்று பொருள். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்படுகிறது. இத்தனையும் செய்தவர்கள் வேறெங்கோ வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கியவர்கள்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் நேரக் குறிப்பைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். கண் பார்த்து விரல் ஸ்டாப் வாட்சை அழுத்துவதற்குள் சுமார் 0.2 வினாடி ஆகிவிடும். அதற்குள் கார் 10 மீட்டர் போய்விடுகிறது! இன்று காரில் பொருத்தும் சிறு மின்னணுக் கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை தானே சொல்லிவிடும். அன்று வெறும் விரலை நம்பி முடிவு சொல்ல வேண்டும். தோற்றவரும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த மனிதரிடம் பக்ஷபாதம் இல்லை என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது நடக்கும்.

இந்த வரிசையில் பெயர் சொல்லி நினைக்க வேண்டிய ஒருவர், கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். 1954-ல் பிறந்தவர். தாமே பந்தயம் ஓட்டியவர், கார் வடிவமைத்தவர். வசதி உள்ளவர், தமக்கு மட்டும் நல்ல கார் வைத்துக்கொண்டு கோப்பைகளை வாங்கிக் குவித்திருக்கலாம். அவர் யோசித்தது வேறு. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க முடியாத இளைஞன் எதை ஓட்டிப் பழகுவான்? 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அந்த எஞ்சினுக்கு உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணத்தைவிடக் கைத்திறமைக்கு மதிப்பு கூடிற்று.

1995 ஆகஸ்டில் ஒரு விமான விபத்தில் அவர் காலமானார். வயது 41. அவர் வாழ்ந்த அதே கோவையிலிருந்து வந்து, ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த நாளைக் காணக் கரிவர்தன் இல்லை. ஆனால் ஏணியின் முதல் படி அவர் போட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் ஓடுதளத்துக்குக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தொண்டில் உயிரே போகும் அபாயமும் உண்டு. 1977 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் கயாலமியில் ஒரு கார் தீப்பற்றியது. 19 வயது மார்ஷல் ஒருவர் கனமான தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு பாதையின் குறுக்கே ஓடினார். முழு வேகத்தில் வந்த கார் மோதி அவரும் இறந்தார். தீயணைப்பான் தலையில் அடித்து, ஓட்டிவந்த டாம் பிரைஸும் இறந்தார். 2001-ல் மெல்போர்னில் விபத்துக்குள்ளான காரின் சக்கரம் பறந்து, வேலியின் இடைவெளி வழியே வந்து தாக்கியதில் கிரஹாம் பெவரிட்ஜ் என்ற தன்னார்வ மார்ஷல் உயிரிழந்தார். பந்தயம் கோடிக்கணக்கில் புரளும் தொழில். ஆனால் ஓரத்தில் நின்றவருக்குச் சம்பளம் கிடையாது. ஆர்வம் மட்டும் போதாது, பயிற்சியும் ஒழுங்கும் வேண்டும் என்பதைக் கயாலமி சொல்கிறது.

நம் நாட்டிலும் துக்கம் நேர்ந்திருக்கிறது. 2023-ல் சென்னை ஓடுதளத்தில் ஜனவரியில் 59 வயது மூத்த வீரர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் விபத்தில் இறந்தார்கள். இரண்டு முறையும் அன்றைய மிச்சப் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. கூட்டம் காத்திருக்கும்போது, பணம் கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் பொறுப்பு நடத்துபவருடையது. அதிகாரியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘ஆகட்டும்’ என்று கையெழுத்துப் போடுவது சுலபம். ‘கூடாது’ என்று எழுதத்தான் நெஞ்சுரம் வேண்டும். பதவியும் சம்பளமும் இல்லாமல் அதைச் சொல்பவரை நான் கும்பிடுகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எந்தத் தொண்டு ஸ்தாபனத்திலும் ஒரு மனிதர் எல்லாவற்றையும் தோளில் சுமப்பார். அவர் இருக்கும்வரை நமக்குக் கவலை இல்லை. அவர் போனபின் அடுத்தது யார் என்று திகைத்து நிற்கிறோம். சென்னை கிளப்பார் இதற்கு நல்ல வழி கண்டார்கள். கடன் வாங்கிய விமானத் தளத்தையே எத்தனை நாள் நம்புவது என்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி, 1990-ல் சொந்த ஓடுதளம் அமைத்தார்கள். தொடங்கியவர்களில் பலர் இன்று இல்லை. ஓடுதளம் இருக்கிறது, கொடி பிடிக்க அடுத்த தலைமுறை வருகிறது. தனி மனிதரின் உழைப்பு இப்படி ஸ்தாபனமாக மாறினால்தான் நிலைக்கும்.

நம் ஊரிலேயே இன்னொரு உதாரணம் பாருங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய சாந்த்ராகாச்சி ஜீலுக்குக் குளிர்காலத்தில் பறவைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அதற்கு முன் யாரோ இறங்கி ஆகாயத் தாமரையை அகற்றுகிறார்கள். முழுவதையும் அகற்றாமல், பறவைகள் உட்காரத் திட்டுத் திட்டாக விட்டு வைக்கிறார்கள். நாம் நடைப்பயிற்சியில் பறவையைப் பார்க்கிறோம், சேற்றில் இறங்கியவரைப் பார்ப்பதில்லை.

நம் சங்கத்தில் சந்தா வசூலிப்பவர், கூட்டத்துக்கு நாற்காலி போடுபவர், இந்தப் பத்திரிகைக்கு விலாசம் ஒட்டுபவர் எல்லோரும் இந்த ஜாதி மனிதர்கள்தாம். எந்த ஊர்க் கிளையானாலும் மூன்று காரியங்கள் செய்யலாம் என்பது என் விண்ணப்பம். ஒன்று, ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் பக்கத்திலேயே நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒருவரை அமர்த்திப் பழக்குங்கள். இரண்டு, செய்யும் வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று, அவர்கள் இருக்கும்போதே இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இரங்கல் கூட்டத்தில் சொல்வது அவர்கள் காதில் விழாது.

இன்றைய கூட்டத்துக்குக் காலை ஆறு மணிக்கே வந்து பந்தலும் காபியும் ஏற்பாடு செய்த இளைஞர்கள் அதோ வாசற்படியருகே நிற்கிறார்கள். அவர்களுக்காக எல்லோரும் ஒரு முறை கைதட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.