சந்தாப் பணத்துக்கு இரு வழிகள்

சந்தையிலே கடை விரிப்போன் இடத்துக்கு வாடகை கொடுப்பது பழைய வழக்கம். வாடகை மிகுதியென்று கண்டவன் தன் வீட்டுத் திண்ணையிலேயே பொருளை விற்கலாம். ஆயின், சந்தைக்கு வரும் கூட்டம் திண்ணைக்கும் வருமா? கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்கிச் சந்தாவுக்கு அளிப்போர் இன்று எதிர்நோக்கும் கேள்வியும் இதுவே.

அப்பிள் நிறுவனம் 2008 யூலையில் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, விலையில் நூற்றுக்கு 30 வீதத்தைத் தன் பங்காக வைத்தது. 2011இல் சந்தாக்களுக்கும் அதே வீதம் வந்தது. 2016இல், ஓராண்டுக்கு மேல் தொடரும் சந்தாவுக்கு அது 15 வீதமாகக் குறைந்தது. ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டொலருக்கு மேற்படாத சிறு ஆக்குநர்க்கு 2021 முதல் 15 வீதம் போதுமென விதிக்கப்பட்டது. கூகிள் நிறுவனம் 2022 முதல் எல்லாச் சந்தாக்களுக்கும் தொடக்கத்திலிருந்தே 15 வீதம் என்றது.

மற்றைய வழி, ஆக்குநர் தம் சொந்த இணையத்தளத்திலே கடனட்டை மூலம் பணம் பெறுவது. ஸ்ட்ரைப் போன்ற நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தடவை பணம் அறவிடுவதற்கு 2.9 வீதமும் 30 சதமும் பெறுகின்றது. சந்தா நிருவாகத்துக்குரிய தனிக் கட்டணத்தை விட்டுக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மாதச் சந்தா 10 டொலர் எனக் கொள்வோம். 15 வீதம் கொடுத்தால் ஆக்குநர்க்கு எஞ்சுவது 8 டொலர் 50 சதம். இணையத்தளத்தில் 9 டொலர் 41 சதம். இலாபம் எவ்வழியில் என்பது வெளிப்படை எனத் தோன்றும். ஆனால், கடையில் ஒரு விரற்தொடுகையால் முடியும் காரியத்துக்கு, இணையத்தளத்தில் அட்டை இலக்கமும் முகவரியும் எழுத வேண்டும். சந்தா சேர விரும்பிய நூறு பேரில் பத்துப் பேர் அதற்குச் சலித்துத் திரும்பினாலே, கிடைப்பது 847 டொலரளவு; கடை வழியாயின் 850. பெற்ற இலாபம் பறந்துவிடுகின்றது. 30 வீதம் செலுத்துவோர் நிலை வேறு. அவர்க்குக் கடையில் எஞ்சுவது 700 டொலரே. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் திரும்பினும் இணையத்தளம் சற்று மேலாகவே இருக்கும்.

மாதச் சந்தா ஒரு டொலராயின் கணக்குத் தலைகீழாகும். 15 வீதத்தில் கடைக்குப் போவது 15 சதம். அட்டை வழியிலோ ஏறக்குறைய 33 சதம். ஆதலின், சிறு தொகையை இணையத்தளத்தில் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துப் பெறுதல் நன்று. 12 டொலரை ஒருமிக்கப் பெற்றால், செலவு 65 சதமளவே.

பணக் கணக்கோடு பொறுப்புக் கணக்கும் உண்டு. பல நாடுகளின் விற்பனை வரியைக் கடையே அறவிட்டுச் செலுத்துகின்றது; பணம் திருப்பிக் கொடுப்பதையும் அதுவே கவனிக்கின்றது. இணையத்தளத்தில் வரி, காலாவதியான அட்டை, வங்கி மூலம் வரும் ஆட்சேபம் யாவும் ஆக்குநர் தலைமேல் விழும். அதற்கு ஈடாக, வாடிக்கையாளர் இன்னாரென்பதை அவர் அறிவார். குறை நேர்ந்தால் நேரே தீர்த்துவைப்பார்.

வெளிவழியைச் செயலிக்குள்ளேயே சுட்டிக்காட்டலாமா என்பது ஐக்கிய அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. எப்பிக் கேம்ஸ் நிறுவனம் 2020இல் தொடுத்த வழக்கில், அப்பிள் அதைத் தடுக்கலாகாதென 2021 செப்ரெம்பரில் ஆணை பிறந்தது. 2024 சனவரியில் அதற்கு இணங்கிய அப்பிள், அவ்வழி விற்பனைக்கும் 27 வீதம் வரை கேட்டது. 2025 ஏப்பிரலில் அந்நீதிமன்றம் அதனை ஆணை மீறலெனக் கண்டு, அக்கட்டணத்தைத் தடுத்தது. அதன்பின் வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றது. நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் நம்பித் தொழில் வகுப்பது விவேகமன்று.

நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2018 இறுதியில் அப்பிள் வழியாகப் புதிய சந்தா பெறுவதை நிறுத்தியது. அதன் பெயரே மக்களை அழைத்துவரும். பெயர் அறியப்படாத சிறு ஆக்குநர்க்கு அவ்வலிமை இல்லை. அவர் முதலிற் சந்தையிலே நின்று நம்பிக்கையைச் சம்பாதித்து, நூறு பேரில் எத்தனை பேர் தம் திண்ணைக்கு வருவர் என்பதைச் சிறிது சிறிதாகச் சோதித்தறிந்து, பின்னர் இரண்டாம் வாயிலைத் திறத்தலே தக்கது. அவ்வாயிலிற் சேருவதற்குள்ள எளிமை விலகுவதற்கும் இருக்கட்டும். வழி தெரியாது அகப்பட்டுக்கொண்ட வாடிக்கையாளர் மறுமுறை அத்திண்ணையை மிதிக்கமாட்டார்.