தஞ்சையில் கூடட்டும் இசை நூலகர்கள்

ஓலைச்சுவடி, ஸ்வரம் எழுதிய நோட்டு, பழைய இசைத்தட்டு, கச்சேரி ஒலிநாடா இவற்றையெல்லாம் காத்து, பட்டியலிட்டு, கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுப்பவர்தான் இசை நூலகர். அமெரிக்காவில் இவர்களுக்கு 1931 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் வட்டாரக் கிளைகள் ஊர் மாற்றி ஊர் கூடிப் பேசுகின்றன. 1951இல் பாரிஸில் சர்வதேசச் சங்கமும் உருவானது. தென்னிந்திய இசை நூலகர்களும் இப்படி ஊர் ஊராகக் கூட வேண்டும். முதல் மாநாடு தஞ்சாவூரில் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தஞ்சைக்கு அந்தத் தகுதி உண்டு. 1912இல் ஆபிரகாம் பண்டிதர் அங்கே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். அவருடைய இசை ஆராய்ச்சியின் பயன் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலாக வெளிவந்தது. சரசுவதி மகால் நூலகமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்த அந்த நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பழைய இசை இலக்கணச் சுவடிகளோடு, மன்னரின் பாண்டு வாத்தியக் குழுவுக்கான மேலைநாட்டு இசைக்குறிப்புகளும் அங்கே உண்டு. மாநாடு நடக்கும் ஊரே பாடப்புத்தகமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நாள் குறிப்பது. மார்கழியில் எல்லோரும் சென்னை சபாக்களில் இருப்பார்கள். தியாகராஜர் ஆராதனை சமயத்தில் தஞ்சையில் அறை கிடைப்பது கடினம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். சித்திரை வெயில் தாங்காது. மாசி மாதம்தான் பொருத்தம். அதிலும் பிப்ரவரிக்குள் முடித்துவிட வேண்டும். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் அரசு நூலகர்கள் இடத்தைவிட்டு நகர முடியாது. மேலதிகாரியின் அனுமதி கோப்பில் ஏறி இறங்க நாளாகும். ஆகவே அழைப்புக் கடிதம் தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

காலையில் சுவடி பார்வையிடல், மாலையில் விவாதம் என்று நிகழ்ச்சியைப் பிரித்துக்கொள்ளலாம். சுவடி அறைக்குள் கூட்டமாக நுழைவது முறையல்ல. பத்துப் பத்துப் பேராகச் செல்லட்டும். படமெடுக்க அனுமதி வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

விவாதத்துக்கு ஒரே ஒரு பொருள் போதும்: எல்லா நூலகங்களுக்கும் பொதுவான பட்டியல் முறை. இந்தத் துறையின் பெரிய சிக்கல் அதுதான். மேளகர்த்தா வரிசையில் 65ஆவது ராகத்தை ஒரு மரபு மேசகல்யாணி என்கிறது. தீட்சிதர் மரபு சாந்தகல்யாணி என்கிறது. பாடகர்களுக்கு அது வெறும் கல்யாணி. மூன்று நூலகங்கள் மூன்று பெயரில் பதிந்தால், தேடி வரும் மாணவருக்குப் பாட்டு அகப்படாது. கீர்த்தனையின் முதல் அடி, ராகம், தாளம், இயற்றியவர், மொழி என்ற ஐந்தையும் எப்படி எழுதுவது, மாற்றுப் பெயர்களை எங்கே குறிப்பது என்று இரண்டு நாளில் முடிவெடுக்க முடியும். முடிவெடுக்காமல் கலைந்தால் அந்த மாநாட்டுக்குப் பொருளே இல்லை.

அழைப்பு நூலகர்களோடு நின்றுவிடக் கூடாது. இசைத்தட்டு சேகரிப்பவர்களும், தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களைக் காத்துவரும் நாகஸ்வரக் குடும்பத்தாரும் முன்வரிசையில் உட்கார வேண்டும். நம் இசைச் செல்வத்தில் பெரும்பங்கு நூலகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அது வீடுகளில்தான் இருக்கிறது. சிறிய சபாவில் சொற்பச் சம்பளத்துக்குப் புத்தகங்களைக் காப்பவருக்கு வழிச்செலவும் தங்குமிடமும் கொடுத்தே அழைக்க வேண்டும். மேடை அலங்காரத்தைக் குறைத்தால் அதற்குப் பணம் கிடைக்கும்.

நேயர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவோ பாட்டியோ எழுதிவைத்த பாட்டு நோட்டு இருக்கலாம். பழைய இசைத்தட்டுகள் இருக்கலாம். தயவுசெய்து அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள நூலகருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் வந்து பார்ப்பார்.